சிங்காரம் உழுத நாடு

நம்புகிறவர்கள் உட்கார்ந்து கேளுங்கள், நம்பாதவர்கள் சிரித்துக்கொண்டே கேளுங்கள். நண்டுத்தீவும் புன்னைத்தீவும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். ஒன்றில் மிளகாய் தாளித்தால் மற்றதில் தும்முவார்கள். இருந்தாலும் தனித்தனிக் கொடி, தனித்தனித் தலைவர்.

ஒருநாள் அக்கரைப் பெரிய நாட்டிலிருந்து கடிதம் வந்தது. "பத்து வருஷத்துக்கு முன்பு உங்கள் பயிர்நிலம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டு எழுதவும். முன்பு அளந்த முறையிலேயே அளக்கவும். இரண்டு நாட்டில் எங்கே நிலம் கூடியிருக்கிறதோ, அங்கே வாரம் ஒருமுறை டாக்டர் படகு வரும்."

நண்டுத்தீவில் இந்த வேலை ஃபிலோமினா தலையில் விழுந்தது. கான்வென்டில் படித்தவள் அவள் ஒருத்திதான். தப்பையும் கோடு தாண்டாமல் எழுதுவாள். கையில் ஐந்து மாதப் பிள்ளை. பிள்ளை அழுதால் அவளுக்குப் பயம், அழாவிட்டால் அதைவிடப் பயம். அசையாமல் தூங்கினால், தூங்கத்தான் செய்கிறானா என்று எழுப்பிப் பார்ப்பாள். டாக்டர் படகு வராவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நினைத்தாள். ஏற்கனவே பிடித்திருந்தால் எப்படித் தெரியும் என்றும் நினைத்தாள்.

பழைய நோட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: 'நம் நிலம் நாலு நாள் உழவு. உழுதது சிங்காரம்.' சிங்காரம் நாட்டின் ஒரே மாடு.

"முறை மாறக் கூடாதுன்னு எழுதியிருக்கு. அப்போ சிங்காரம்தான் உழணும்," என்றார் தலைவர் தொம்மை.

சிங்காரத்துக்கு இப்போது பல் போயிருந்தது. ஒரு சால் உழுதால் ஒருமுறை படுத்துக்கொண்டது. எழுப்ப யாரும் கிட்டே போகவில்லை. அளவுகோலைத் தொட்டுத் தூக்கிவிட்டால் அளவு என்னத்துக்கு ஆகும்? உழுது முடிக்கப் பதினோரு நாள் ஆனது.

ஃபிலோமினா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பதினொன்றை நாலால் வகுத்தாள். மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத் தலைவரிடம் ஓடினாள். "மாமா! நம்ம நிலம் ரெண்டே முக்கால் மடங்கு ஆயிடுச்சு!"

"வரப்பு இருந்த எடத்துலதானே இருக்கு?" என்றான் வலைகாரன் பெர்னாந்து.

"ஏண்டா, இவ புள்ள வளர்றது தினமும் கண்ணுக்குத் தெரியுதா?" என்றார் தொம்மை. "நிலமும் அப்படித்தான். சத்தம் போடாம வளரும்."

ஃபிலோமினாவுக்கு அது நியாயமாகப் பட்டது. வகுத்தல் வேறு சரியாக வந்திருந்தது. சிஸ்டர் பார்த்திருந்தால் சிவப்பு மையில் 'நன்று' போட்டிருப்பார்.

சாயங்காலம் புன்னைத்தீவுத் தலைவர் ஜெபமணி அழுதுகொண்டே துடுப்புப் போட்டு வந்தார்.

"பன்னிரண்டு நாள் நிலம், அண்ணே! அரை நாள்ல தீர்ந்து போச்சு!"

"எதை வெச்சு உழுதீங்க?"

"எங்க மாடு செத்துப் போச்சுன்னு டிராக்டர் வாங்கினோம்ல, அதை வெச்சுத்தான். அத்தனை நிலத்தையும் அதுதான் தின்னிருக்கு. தின்னுட்டுப் பின்னாடி புகையா விடுது. கண்ணால பாத்தோம். இப்போ தென்னை மரத்துல கட்டிப் போட்டிருக்கோம்."

எல்லாரும் அவருக்காகக் கொஞ்சம் அழுதார்கள். கணக்கு அழகான கையெழுத்தில் இருந்ததால் அக்கரையில் யாரும் சந்தேகப்படவில்லை. டாக்டர் படகு நண்டுத்தீவுக்கே வந்தது.

டாக்டர் உமையாள் பிள்ளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கான். தூங்கவிட்டா இன்னும் நல்லா இருப்பான்." பிறகு ஒரு பெரிய டானிக் பாட்டிலைத் தொம்மையிடம் கொடுத்தார். "ஊர்ல யாரு ரொம்பப் பலவீனமோ அவங்களுக்குக் குடுங்க."

படகு போனதும் நாடு கூடி யோசித்தது.

"நான்தான் மாமா பலவீனம்," என்று ஃபிலோமினா கையைத் தூக்கினாள்.

"புள்ள கொட்டாவி விட்டாக்கூட அவனைத் தூக்கிட்டுக் கரை முழுக்க ஓடுற. உனக்கா பலவீனம்?"

கடைசியில் பாட்டில் முழுவதையும் மூங்கில் குழாயில் ஊற்றிச் சிங்காரத்துக்குப் புகட்டினார்கள்.

மறுவாரம் அடுத்த விதைப்புக்காகப் பெர்னாந்து ஏர் பூட்டினான். சிங்காரம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பெர்னாந்து கலப்பையைப் பிடித்தபடி பின்னால் பறந்தான். மத்தியானச் சோறு வேகுமுன் உழவு முடிந்தது.

நோட்டில் 'அரை நாள்' என்று எழுதிவிட்டு ஃபிலோமினா அதைத் தொம்மையிடம் நீட்டினாள். "மாமா, பதினோரு நாள் நிலத்துல அரை நாள்தான் மிச்சம்!"

"ஏறுங்க படகுல! மிச்சமும் தீர்றதுக்குள்ள ஏறுங்க!" என்றார் தொம்மை.

பிள்ளை, சட்டி, கோழி, கொடி எல்லாவற்றோடும் நாடு கடலில் இறங்கியது. பாதி வழியில் புன்னைத்தீவுப் படகுகள் எதிரே வந்தன.

"டிராக்டரைக் கட்டின கயிறு அறுந்துடுச்சு, அண்ணே!" என்று கத்தினார் ஜெபமணி. "உங்க நாட்டுலதான் எடம் கெடக்கேன்னு வர்றோம்!"

ஃபிலோமினா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தாள். நடுவில் ஒரு கோடு இழுத்தாள். 'நண்டுத்தீவு: இல்லை. புன்னைத்தீவு: இல்லை.' நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தாள். "மாமா, ரெண்டும் சமம்."

அப்போது டாக்டர் படகு வந்து நின்றது. "என்னம்மா, எல்லாரும் கடல்ல இருக்கீங்க? இனிமே நான் எந்தக் கரைக்கு வரணும்?"

ஃபிலோமினா திரும்பிப் பார்த்தாள். இரண்டு தீவுகளும் பச்சைப் பசேலென்று இருந்த இடத்திலேயே இருந்தன. பிறகு நோட்டைப் பார்த்தாள். நோட்டில் இல்லை.

"இங்கேயே வந்துடுங்க, டாக்டர்," என்றாள். "நிலம் வளர்ந்து வர இன்னும் பத்து வருஷம் ஆகும்."