குனிவாசலில் ஒரு பிடி மணல்

முன்னே ஒரு காலத்தில், மழைக்கே வழி மறந்துபோன ஒரு மணல் நாட்டில், ஒரு ராஜா இருந்தார். அவருக்குத் திடீர் திடீரென்று ஆசைகள் வரும். ஒரு வருஷம் ஒட்டகங்களுக்கெல்லாம் கொலுசு போடச் சொன்னார். மறு வருஷம் அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று ஒட்டகங்களையெல்லாம் நாட்டு எல்லைக்கு விரட்டச் சொன்னார். "மகாராஜா, கொலுசைக் கழற்றினால் போதாதா?" என்று அன்றைக்குக் கேட்டவன்தான் அவருடைய விகடகவி மாடக்கண்ணு. ராஜா விழுந்து விழுந்து சிரித்து அவனுக்கு இரண்டு ஆடு கொடுத்தார்.

அதெல்லாம் பழைய கதை. மாடக்கண்ணு சிரித்து இப்போது பத்து மாதம் ஆகிவிட்டது.

அந்த நாட்டின் பழைய கோட்டைக்குள் மணலம்மன் கோயில் இருந்தது. வருஷத்துக்கு ஒருநாள் திருவிழா. முரசு அதிர்ந்ததும் நாற்பது ஊர் ஜனமும் கோட்டை வாசல் வழியே உள்ளே ஓடி அம்மனைப் பார்க்க வேண்டும். வாசலோ நெஞ்சு உயரம்தான். மூன்று பேர் சேர்ந்தால் தோள் இடிக்கும். எல்லோரும் இடுப்பை வளைத்துக் குனிந்துதான் நுழைய முடியும். அதனால் அதற்குக் குனிவாசல் என்றே பெயர். மனுஷனின் ஆணவம் அடங்கவே முன்னோர் அப்படிக் கட்டினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள்.

ஓடிவந்து குனிகிறவர் மேல் பின்னால் ஓடிவருகிறவர் விழுவார். அவர் மேல் அடுத்தவர். வருஷம் தவறாமல் இரண்டு பேர், மூன்று பேர் மிதிபட்டுச் சாவார்கள். அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் பொங்கல் சாப்பிடப் போவார்கள். போன வருஷம் பதினோரு பேர். பதினோராவதாகத் தூக்கியது மாடக்கண்ணுவின் ஒரே மகள் நாச்சியை. ஒன்பது வயது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வாசலில் எந்த வீட்டு உயிர் போகிறதோ அந்த வீட்டிலிருந்து ஒருவர் மறுவருஷம் முதல் வரிசையில் நிற்க வேண்டும். அதை வாசல் மரியாதை என்பார்கள். திருவிழாவன்று விகடகவிக்கு ராஜாவின் பக்கத்தில் வேலை. வீட்டில் மிச்சம் இருந்தது அவன் மனைவி ஆவுடை.

"காய்ச்சல்னு சொல்லி இருந்துக்கோ ஆவுடை. நான் சபையில பேசிக்கிடுதேன்" என்றான் மாடக்கண்ணு.

அவள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"எதுக்கு? நான் போவேன்."

"போனா திரும்பி வருவியா?"

"பிள்ள எந்த இடத்துல விழுந்தாள்னு எனக்குத் தெரியும். அங்க போயிக் குனிவேன். பொறவு நிமிரதுக்கு எனக்கு என்ன இருக்கு?" அவள் உமியை ஊதினாள். "நீங்க போயி உங்க ராசாவச் சிரிக்க வையுங்க."

மறுநாள் சபையில் ராஜாவுக்குப் புது ஆசை பிறந்திருந்தது. அந்த வருஷம் அவருக்கு ஐம்பது வயது நிறைகிறது.

"இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு இரண்டு மடங்கு ஜனம் திரள வேண்டும். கோட்டை மேல் நின்று பார்த்தால் மணலே கண்ணுக்குத் தெரியக் கூடாது!"

மாடக்கண்ணு எழுந்து நின்றான். "மகாராஜா, இரண்டு மடங்கு ஜனம் வந்தால் இரண்டு மடங்கு பிணம் விழும். முதலில் வாசலைப் பெரிதாக்குங்கள்."

மரபுக் காவலர் விருத்தாசலனார் மெல்லத் தொண்டையைச் செருமினார். கோட்டையிலும் கோயிலிலும் எது பழையது, எதைத் தொடக் கூடாது என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. ராஜா மாடக்கண்ணுவுக்குக் கொடுத்த ஒவ்வொரு ஆடும் அவருடைய நெஞ்சில்தான் மேய்ந்தது.

"மகாராஜா, நம் விகடகவிக்கு இப்போது விகடமும் வருவதில்லை, விவேகமும் வருவதில்லை. உப்பில்லாத கூழை எத்தனை நாள் குடிப்பது? குனிவாசலின் கல் ஒன்று அசைந்தாலும் குலம் அழியும். வாசலடி மணல் அம்மனின் மடி. அதில் மண்வெட்டி படலாமா?"

"உயிர் போகலாமா?" என்றான் மாடக்கண்ணு.

ராஜாவுக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அவருக்கு விளையாட்டுப் புத்தியும் கூடவே வரும்.

"சரி. மாடக்கண்ணு, வாசலை நீயே பெரிதாக்கு. திருவிழா வரை நாற்பது நாள் தவணை. ஆனால் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, வண்டி எதுவும் அங்கே போகக் கூடாது. கூலியாள் ஒருவனும் கூடாது. முடிக்காவிட்டால் தண்ணீர்ப் பை இல்லாமல் பாலைக்குள் நடந்து போ!"

சபையோர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று மத்தியானம் மாடக்கண்ணு குனிவாசலுக்குப் போனான். வெயிலில் ஈ காக்கை இல்லை. நாச்சி விழுந்த இடத்தில் உட்கார்ந்தான். யோசிக்க வரவில்லை அவன். வேறு எங்கே போவதென்று தெரியாமல்தான் வந்தான்.

வாசலின் இடப்பக்கக் கல்லில் ஒரு காவல்காரியின் சிலை. கையில் வேல். இடுப்புக்குக் கீழே அவள் இல்லை, மணல்தான். சிறுவயதிலிருந்து ஆயிரம் தடவை பார்த்த சிலை. அன்றைக்குத்தான் அது அவனுக்கு உறுத்தியது. காலில்லாதவளை யாராவது காவலுக்கு வைப்பார்களா?

சிலையை ஒட்டிக் கையை மணலுக்குள் விட்டான். முழங்கை வரை போனது. தோள் வரை போனது. விரல் நுனியில் கல்லில் செதுக்கிய சேலை மடிப்பு தட்டுப்பட்டது.

மாடக்கண்ணுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்னோர் யாரையும் குனியச் சொல்லவில்லை. காற்று வருஷா வருஷம் மணலைக் கொண்டுவந்து கொட்டியது. அம்மனின் மடி என்று யாரும் அதைக் கூட்டவில்லை. வாசல் புதைந்தது, ஜனம் குனிந்தது, அவ்வளவுதான். விளங்கியதும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த மணலிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் சபையில் கைகட்டி நின்று, ரொம்பப் பணிவாகக் கேட்டான்.

"மரபுக் காவலரே, எனக்கு ஒரு ஐயம். பக்தர்கள் அம்மன் மணலைக் கையால் தொட்டு நெற்றியில் பூசுகிறார்களே, அதுவும் குற்றமா?"

"மூடனே! அது ஆதி வழக்கம்."

"கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துப் போனால்?"

"அம்மன் மணல் இருக்கும் வீட்டில் நோய் அண்டாது. பக்தரின் கை அம்மனின் கை. அதைத் தடுப்பவன் யாராக இருந்தாலும் நாடு கடத்த வேண்டும்!"

"எழுதிக் கொடுங்கள், பயபக்தியோடு வைத்துக்கொள்கிறேன்."

விருத்தாசலனார் பெருமையோடு ஓலையில் எழுதி முத்திரையும் வைத்தார்.

மாடக்கண்ணு அந்த ஓலையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனான். முத்திரையைக் காட்டி வாசித்துக் காட்டினான். ஒரு நாளைக்கு ஒரே ஓர் ஊர், வலப்பக்கமாக வந்து இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

"எவ்வளவு எடுக்கலாம்வே?" என்று முதல் ஊரில் ஒரு கிழவர் கேட்டார்.

"பக்தி எவ்வளவோ அவ்வளவு. போன வருஷம் மழைக்கு வேண்டிக்கிட்டப்போ அடுத்த ஊர்க்காரங்க பக்திதான் பெருசுன்னு சபையில பேசிக்கிட்டாங்க."

"எவம்லே சொன்னது? ஏளா, எல்லாரும் முந்தானைய விரிங்க!"

அதற்குப் பிறகு அவன் ஒன்றும் செய்யவில்லை. ஒருவர் வேட்டியில் கட்டினார், ஒருத்தி மடியில் கட்டினாள், புது மாப்பிள்ளைகள் தலைப்பாகையை அவிழ்த்து அதில் கட்டினார்கள். ஓர் ஊர் ஒரு தடவை எடுத்தால் அடுத்த ஊர் மூன்று தடவை வந்து எடுத்தது. இருபதாம் நாள் காவல்காரியின் முழங்கால் தெரிந்தது. முப்பதாம் நாள் அவள் பாதமும், அதன் கீழே படிகளும் தெரிந்தன. மேலே குறுகியிருந்த வாசல் கீழே வர வர விரிந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன வாசல்கள் முளைத்தன.

மணலோடு வேறு சிலதும் வந்தன. உடைந்த வளையல்கள், மிஞ்சிகள், ஒரு குழந்தையின் அரைஞாண். ஒவ்வொரு சாணிலும் ஒவ்வொரு வருஷத்துச் சாவு இருந்தது. முதல் நாட்களில் பாட்டுப் பாடி அள்ளிய ஜனம் கடைசி நாட்களில் வாய் பேசாமல் அள்ளியது.

விருத்தாசலனார் ராஜாவிடம் ஓடினார். "மகாராஜா! அம்மன் மணலைக் கொள்ளையடிக்கிறான்!"

"தடுங்கள் ஐயா. தடுத்தால் உங்களை எங்கே அனுப்ப வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்" என்று அங்கே நின்ற மாடக்கண்ணு ஓலையை நீட்டினான். விருத்தாசலனார் தம் முத்திரையைத் தாமே பார்த்துக்கொண்டு நின்றார்.

திருவிழா வந்தது. கோட்டை மேல் ராஜா, பக்கத்தில் மாடக்கண்ணு. கீழே மணல் தெரியாத அளவுக்குத் தலைகள். முதல் வரிசையில் ஆவுடை வாசல் மரியாதைக்கான வெள்ளைச் சேலையில் நின்றாள். வாசல் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று எத்தனையோ முறை அவளிடம் சொல்லிப் பார்த்தான். ஒருநாள்கூட அவள் வந்து பார்க்கவில்லை. இப்போதும் தலை கவிழ்ந்தே நின்றாள்.

முரசு அதிர்ந்தது. ஜனம் புரண்டது. ஆவுடை ஓடினாள். நேரே அந்த இடத்துக்குப் போய், குனிந்தாள். குனிந்தவள் அப்படியே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்துவிட்டாள்.

"ஆவுடை! எந்திரி!" அவன் குரல் முரசுக்குள் மூழ்கிப்போனது. கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

கண்ணைத் திறந்தபோது ஜனம் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் பிரிந்து, நிமிர்ந்த தலையோடு, மூன்று வாசல் வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. "அம்மா கிடக்கா, பாத்துப் போங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு விலகிப் போனார்கள். நாற்பது ஊர் போய் முடிந்தது. ஒருவரும் விழவில்லை.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "மண்வெட்டி இல்லை, கூடை இல்லை, கூலி இல்லை! என் நாட்டு ஜனத்தையே மண்வெட்டியாக்கிவிட்டாயே! கேள், என்ன பரிசு வேண்டும்?"

"மகாராஜா, இந்த நாட்டில் காற்று நிற்காது. நாளையிலிருந்து நம் மரபுக் காவலர் தினமும் விடிந்ததும் வந்து, இந்த வாசலில் சேரும் மணலைத் தம் கையாலேயே பிடி பிடியாக அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். பக்தரின் கை அம்மனின் கை என்று அவரே எழுதியிருக்கிறார்."

ராஜாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அவர் பக்கத்துத் தூணில் சாய்ந்தார். சுற்றி நின்ற சபையோரும் சிரித்தார்கள். "அப்படியே ஆகட்டும்! உனக்குப் பத்து ஊர்! இந்தக் கோட்டைக்கு நீயே காவலன்!" என்றார்.

மாடக்கண்ணு வணங்கிவிட்டுப் படியிறங்கி வாசலுக்கு வந்தான். ஆவுடை எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலை நிமிர்ந்து, வாசலை அடியிலிருந்து முடிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் காலும் எம்மேல படலையே" என்றாள்.

"இடம் இருக்கு ஆவுடை."

அவள் தரையைக் கையால் தடவினாள்.

"போன வருஷமும் இருந்துச்சா?"

அவன் நாட்டிலேயே பெரிய வாய்ச்சாலக்காரன். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவன்.

"இருந்துச்சு" என்றான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மேலே கோட்டையில் ராஜா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று பொழுது சாயும்வரை அவர் சிரித்ததாகத்தான் அந்த நாட்டில் இந்தக் கதையை முடிப்பார்கள்.