குளிரில் வைத்த கிருமி

அந்த ஆய்வகத்தில் குரு வயதில் இளையவர், சீடர் மூத்தவர். குரு ஜுனைதா, வெட்டை நோய்க் கிருமியை ஆராய்பவர். சீடர் அருமைராஜ், பல வருடம் கிளினிக் நடத்திய டாக்டர்.

அவரிடம் ஒரு பெண் வந்தாள். கணவனிடமிருந்து தொற்றிய வெட்டை நோய் எந்த ஊசிக்கும் அடங்கவில்லை. புது மருந்து ஒன்று சோதனையில் இருந்தது. அவளுடைய கிருமி அதற்கு அடங்கினால் அவளையும் சோதனையில் சேர்த்துக்கொள்வார்கள். அருமைராஜ் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது அதற்காகத்தான்.

ஜுனைதா இரத்தம் கலந்த உணவுத் தட்டில் கிருமியைத் தடவினார். தட்டைக் குடுவைக்குள் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, இறுக மூடினார். சுடர் தானாக அணைந்தது.

"அந்தக் காற்றில்தான் இது வளரும், சார்."

"மருமகனுக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது, மேடம். கொல்லத்தானே போகிறோம். எதற்கு இந்தச் சீராட்டல்?"

ஜுனைதா குடுவையை வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தார். கிருமி வளர்ந்ததும் ஒரு தட்டை அவரிடம் கொடுத்தார்.

"இது உங்கள் பொறுப்பு. நாளைக்குச் சோதித்துப் பாருங்கள்."

மறுநாள் அருமைராஜ் அதிலிருந்து எடுத்துப் புதுத் தட்டுகளில் தடவி, ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றில் மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்தார். அதற்கடுத்த நாள் தட்டோடு ஓடி வந்தார்.

"பாருங்கள் மேடம். துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அவளிடம் சொல்லிவிடட்டுமா?"

"மருந்து வைக்காத தட்டு எங்கே?"

கொண்டுவந்தார். அதிலும் ஒன்றும் முளைக்கவில்லை.

"இதில் எந்த மருந்து கொன்றது, சார்?"

அருமைராஜ் இரண்டு தட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் கொடுத்ததை ராத்திரி எங்கே வைத்தீர்கள்?"

"ஃப்ரிட்ஜில். கெட்டுவிடக் கூடாதே என்று. கிளினிக்கில் எதையும் அங்கேதான் வைப்போம்."

"இதற்குக் குளிர் ஆகாது."

அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்படியானால் அவளுடைய கிருமி போய்விட்டதா?"

ஜுனைதா குடுவையைத் திறந்தார். தினமும் புதுத் தட்டுக்கு மாற்றி அவர் காப்பாற்றி வந்த கிருமி, பனித்துளிகள் போலப் பளபளத்தது.

அருமைராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு விட்டார். "நல்லவேளை." பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. "அவளை இந்தப் பாடு படுத்திய சனியன். பிழைத்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறேன் பாருங்கள்."

இந்த முறை மெழுகுவத்தியை அவரே ஏற்றினார்.

மறுநாள் மருந்து வைக்காத தட்டு நிறையக் கிருமி முளைத்திருந்தது. பழைய மருந்துகளின் வில்லைகளை ஒட்டியும் முளைத்திருந்தது. புது மருந்தைச் சுற்றி மட்டும் அகலமான வெற்று வட்டம்.

அருமைராஜ் தட்டைக் கீழே வைக்கவில்லை. "அன்றைக்கும் வெறுமையாகத்தான் இருந்தது. இன்றைக்கு நம்பலாமா, மேடம்?"

ஜுனைதா வட்டத்தைக் காட்டவில்லை. வட்டத்துக்கு வெளியே கிருமி அடர்ந்திருந்த இடத்தைக் காட்டினார்.

"இதோ, சாட்சி உயிரோடு இருக்கிறது. அவளை வரச் சொல்லுங்கள், சார்."