பலகை பிடிக்க ஒரு ஆள்

கணவன் இறந்தபின் செங்கோட்டையில் அவனுடைய தச்சுக்கூடத்தைத் தனியாக நடத்தி வந்தாள் பூரணி. பள்ளிக்கூடத்துக் கதவு வேலையைக் கேட்டுப் போனபோது காண்டிராக்டர் ஆவுடையப்பன் மீசையை நீவிக்கொண்டார்.

“ஒத்தைப் பொம்பளை நீ இழைச்சா பலகையை யாரு பிடிப்பா? திங்கக்கிழமைக்குள்ள ஒரு ஆளைக் காட்டு. இல்லேன்னா வேலை இல்ல.”

ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தாள். ஒரு பெண்ணுக்குக் கையாளாக நிற்க ஒருவரும் வரவில்லை. பூரணி பழைய உத்திரத்தை அறுத்து நாலு கால் செய்தாள். மேலே கனத்த பலகை போட்டு, ஓரத்தில் மரத்திருகு வைத்த இடுக்கி ஒன்றைப் பொருத்தினாள்.

திங்களன்று ஆவுடையப்பன் இரண்டு ஆட்களோடு வந்து, “எங்க உன் ஆளு?” என்றார்.

பூரணி இடுக்கியில் ஒரு பலகையை வைத்துத் திருகை இறுக்கினாள்.

“இந்த மேசைதான் அண்ணாச்சி. அது பிடியிலேருந்து பலகையைப் பிடுங்கிட்டீங்கன்னா நான் கூடத்தையே பூட்டிடுதேன்.”

ஆவுடையப்பன் இழுத்தார். பலகை அசையவில்லை. ஆட்களும் சேர்ந்து இழுத்தார்கள். கை வழுக்கி மூவரும் மரச்சுருள் குவியலில் மல்லாந்தார்கள். ஆவுடையப்பன் எழுந்து வேட்டியை உதறி, “கதவை நீயே செய்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூரணி இழைப்புளியை எடுத்தாள். நாலு இழுப்பு இழைத்ததும், கணவன் பலகை பிடித்த நாட்களின் பழக்கத்தில், “கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க” என்றாள்.

பிறகு அவளே திருகைத் தளர்த்திப் பலகையைச் சாய்த்துக்கொண்டாள்.