கோமதிநாயகத்தின் இடது கால்

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"இது எப்ப மாஸ்டர் என் காலாவும்?"

ஜெபக்கனி மாஸ்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார். மூடியைத் திருகினார். எதிரே கோமதிநாயகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கேட்டவருக்கு முப்பத்தெட்டு வயது. மாஸ்டர் இருபத்தேழு வயதுப் பெண். பாளையங்கோட்டை மைதானத்தில் ஓடச் சொல்லிக்கொடுக்கிற யாராக இருந்தாலும் மாஸ்டர்தான், ஆணென்ன பெண்ணென்ன. மாஸ்டருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கோமதிநாயகத்துக்கு இடது கால் இல்லை. இரண்டு பேருக்கும் அந்த இடத்தில் வளைந்த கறுப்புப் பிளேடு. கார்பன் தகட்டில் செய்தது, குதிகால் கிடையாது. ஓடுவதற்கென்றே பிறந்த சாதனம். அதை மாட்டிக்கொண்டு சும்மா நில் என்றால் எப்பேர்ப்பட்டவனும் ஆடிக்கொண்டேதான் நிற்க வேண்டும்.

விடிந்தால் மாநில அணிக்கான தேர்வு. இதே மைதானம். நூறு மீட்டர்.

கோமதிநாயகம் லேசுப்பட்ட ஆள் இல்லை. கபடியில் பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டார். ஒருநாள் போட்டி முடிந்து பைக்கில் திரும்பும்போது ஒரு லாரி. கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கால் போனதுகூடப் போகட்டும், அதற்குப் பிறகு வந்ததுதான் அவரால் தாங்க முடியாதது. நாற்காலி!

எங்கே போனாலும் நாற்காலி. கல்யாண வீட்டுக்குப் போனால் நாற்காலி, துஷ்டி வீட்டுக்குப் போனாலும் நாற்காலி. கபடி பார்க்கப் போனால், "ஏலே, அண்ணாச்சிக்கு ஒரு சேர் போடுல" என்று நாலு பேர் ஓடுவார்கள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். முதுகில் நம்பர் போட்ட பனியனோடு இன்னொரு தடவை களத்தில் நிற்க வேண்டும். அந்த ஒரே வெறியில்தான் இந்த மாஸ்டரைத் தேடி வந்தார்.

வந்த புதிதில் நடக்கிற காலை மாட்டிக்கொண்டே ஓடினார். ரப்பர் பாதம், நல்ல கனம். பொத்துப் பொத்தென்று ஓடினாலும் ஓட்டம் ஓட்டமாக இருந்தது. பிறகு ஓர் அறக்கட்டளையில் இந்தப் பிளேடைக் கொடுத்தார்கள். இனி அண்ணாச்சியைப் பிடிக்க முடியாது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரும்தான் நினைத்தார். நடந்ததோ தலைகீழ். பழைய காலில் ஓடியதைவிட மெதுவாக ஓடினார்.

அவருக்குத் தொழில் பைக் மெக்கானிக். சமாதானபுரத்தில் கடை. வண்டி மெதுவாகப் போனால் அவர் என்ன செய்வார்? ஸ்பேனரை எடுப்பார். பிளேடு மெதுவாகப் போனதற்கும் அதையேதான் செய்தார். மிச்சக் கால் நுழைகிற கிண்ணம் போன்ற சாக்கெட்டையும் பிளேடையும் இணைக்கிற இடத்தில் நாலு ஸ்க்ரூ இருக்கிறது. ஒருநாள் முடுக்குவார், மறுநாள் தளர்த்துவார். காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கோணம் பார்ப்பார்.

மதுரையிலிருந்து வந்த லிங்கதுரை சார்தான் அவருக்குக் காலை அளவெடுத்துப் பொருத்திக் கொடுத்தவர். போன வாரம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இந்த ஸ்க்ரூவைத் தொட்டீங்களா?"

"லேசா ஒரு அரைச் சுத்து."

"எதுக்கு?"

"இழுவை கம்மியா இருந்துச்சு சார்."

"இது என்ன பைக்கா அண்ணாச்சி, இழுவை பார்க்கிறதுக்கு?"

எல்லாவற்றையும் பழையபடி வைத்தார். ஓடவிட்டுப் பார்த்தார், படம் எடுத்தார், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

"கால்ல ஒரு குறையும் இல்ல. உங்க எடைக்குன்னே எடுத்தது. ஓங்கி மிதிச்சா அது உங்களைத் தூக்கி எறியும். நீங்க முட்டை மேல வைக்கிற மாதிரி வைக்கிறீங்க."

அது கோமதிநாயகத்துக்கும் தெரியும். வலது கால் தரையைத் தொடும்போது அவர் அதைப் பற்றி ஒன்றும் நினைப்பதில்லை. இடது பக்கம் வரும்போது மட்டும் உள்ளே ஒரு கேள்வி: பிடிக்குமா, வழுக்குமா? கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் நூறு மீட்டர் ஓட்டத்தில் அதுவே ஏகப்பட்ட நேரம். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அதனால்தான் இன்று சாயங்காலம் மாஸ்டரிடம் அந்தக் கேள்வி.

மாஸ்டர் பாட்டிலைக் கீழே வைப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"எந்த வண்டியும் ரெண்டு நாள்ல என் கைக்கு வந்துரும் மாஸ்டர். இந்தச் சவம் மட்டும் வரமாட்டேங்கு."

"ம்."

"போன்ல ஒரு கால் பாத்தேன். உள்ள சின்னதா கம்ப்யூட்டர் வச்சிருக்கான். நாம எப்படி நடக்கமோ அதுக்குத் தக்கன அதுவே மாறிக்கிடுது."

"நானும் பாத்தேன்."

"இன்னொண்ணு இருக்கு. நரம்போட சேத்து வச்சிருதான். நெனச்சாப் போதும், பாதம் அசையுது. கீழ கெடக்கது மணலா, கல்லான்னு மூளைக்குத் தெரியுதாம் மாஸ்டர்!"

"நல்லதுண்ணே. வந்தா நானும் ஒண்ணு வாங்கி மாட்டுவேன்."

"அந்த மாதிரி ஒண்ணு மட்டும் எனக்குக் கெடைச்சிட்டா..."

"நாளைக்குக் காலையில வந்துருமா?"

கோமதிநாயகம் ஆடிக்கொண்டே நின்றார். மைதானத்தின் அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள்.

"நாளைக்கு நான் ஓடலை மாஸ்டர்" என்றார்.

மாஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பேரை எடுத்துருங்க. எல்லார் முன்னாலயும் கடைசியா வந்து நிக்க என்னால முடியாது. பாவம் அண்ணாச்சின்னு கை தட்டுவானுவ. அதை என்னால தாங்க முடியாது. மொதல்ல இது என் காலாவட்டும். பொறவு வாரேன்."

சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகைதான், வேறென்ன? இத்தனை மாதமாக விடியற்காலையில் எழுந்து, கடையைத் தாமதமாகத் திறந்து, பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்கி ஓடிய ஓட்டம்.

"சரிண்ணே, எடுத்துருவோம்" என்றார் மாஸ்டர்.

இவ்வளவு சுளுவாகச் சரி என்பார் என்று கோமதிநாயகம் எதிர்பார்க்கவில்லை. மனசுக்குள் சுருக்கென்றது.

மாஸ்டர் எழுந்து பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அதுக்கு முன்னால என்கூட ஒரு ஓட்டம் வாங்க."

"ஓடலைங்கேன், நீங்க ஓடக் கூப்பிடுதீய!"

"நாளைக்குத்தான ஓடலை? இது இன்னைக்கு."

தொடக்கக் கோட்டுக்கு வந்தார்கள். கோமதிநாயகம் தன் தடத்தில் நின்றார். மாஸ்டர் பக்கத்துத் தடத்துக்குப் போகாமல் அதே தடத்தில் அவருக்கு இடது கைப் பக்கம் வந்து நின்றுகொண்டார். இவருடைய பிளேடும் அவருடைய பிளேடும் அருகருகே.

"என்ன மாஸ்டர், ஒரே தடத்துல ரெண்டு பேரா?"

"ஏன், கபடிக் களத்துல ஏழு பேரு நின்னு ஒங்கள மறிக்கலையா?"

"அது வேற, இது வேற."

"ஒண்ணுதான். ரெடி... போ!"

கிளம்பினார்கள். முதல் பத்து எட்டு வைப்பதற்குள்ளேயே மாஸ்டர் நெருக்க ஆரம்பித்துவிட்டார். கோமதிநாயகம் ஒதுங்கினார். மாஸ்டர் இன்னும் நெருக்கினார். இவர் இன்னும் ஒதுங்கினார். வலது கால் தடத்தின் வெள்ளைக் கோட்டில் விழுந்தது. இடது பக்கம் பிளேடு, அதற்கும் பக்கத்தில் இன்னொரு பிளேடு. எங்கே இடறிக்கொள்ளுமோ என்று கீழேயே பார்த்துக்கொண்டு ஓடினார்.

"மேல பாருங்க!" என்று கத்தினார் மாஸ்டர்.

"இடம் விடுங்க மாஸ்டர்!"

"விட மாட்டேன்."

"விழுந்துருவேன்!"

"அப்ப ஓரமாப் போங்க. யாராவது அண்ணாச்சிக்கு ஒரு சேர் போடுங்கப்பா!"

அடேயப்பா! ஊரே சொல்லலாம், இந்தப் பிள்ளையும் சொல்வதா? கோமதிநாயகத்துக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. கண் நேரே போய் முடிவுக் கோட்டில் நின்றது. பல்லைக் கடித்தார். தோளைத் தாழ்த்தினார். வெள்ளைக் கோட்டிலிருந்து உள்ளே வந்தார். மாஸ்டர் இடம் விடவில்லை. இவரும் விடவில்லை. ஆள் மறித்தால் ஆளுக்கு ஊடே புகுந்து போகிற பழைய கோமதிநாயகம் எங்கிருந்தோ வந்துவிட்டார்.

தரை தடதடவென்றது. வலது, இடது, வலது, இடது. எந்தப் பக்கம் எது என்று பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? மாஸ்டர் அரை அடி முன்னால் இருந்தார். பிறகு சமமாக வந்தார். பிறகு அவருடைய மூச்சுச் சத்தம் கோமதிநாயகத்தின் பின்பக்கமாகக் கேட்டது. விசில் ஊதிக்கொண்டிருந்த ஆள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தான்.

முடிவுக் கோட்டில் மாஸ்டர் கடைசி எட்டாக உள்ளே பாய்ந்தார். கோமதிநாயகமும் பாய்ந்தார். இரண்டு பிளேடும் மோதிக்கொண்டன. டக் என்று ஒரு சத்தம். மாஸ்டர் தடுமாறி ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டார். கோமதிநாயகம் வந்த வேகத்துக்கு அங்கே நிற்க முடியாமல் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றார்.

திரும்பிப் பார்த்தார். பதறிப்போய் ஓடி வந்தார்.

"ஐயையோ, மாஸ்டர்!"

குனிந்தார். மாஸ்டருடைய கறுப்புப் பிளேடை விரல் நுனியால் தொட்டார். தொட்ட விரலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். போதாதென்று மறுபடியும் ஒரு தடவை தொட்டு ஒற்றினார்.

மாஸ்டருக்கு அடி எதுவும் படவில்லை. அவருக்கும் வலிக்கவில்லை, இவருக்கும் வலிக்கவில்லை. தகடும் தகடும்தான் மோதின. மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே கேட்டார்.

"எதுக்குண்ணே தொட்டுக் கும்பிட்டீய?"

"தெரியாம பட்டுருச்சு மாஸ்டர். மனசுல வச்சுக்கிடாதீங்க."

"என்ன பட்டுச்சு?"

"கால்தான் மாஸ்டர். கால் பட்டா கும்பிட வேண்டாமா?"

மாஸ்டர் தன் பிளேடைப் பார்த்தார். கோமதிநாயகத்தின் பிளேடைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"யாரு கால் பட்டுச்சு?"

கோமதிநாயகம் குனிந்து தன் பிளேடைப் பார்த்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு தொடக்கக் கோட்டை நோக்கித் திரும்பி நடந்தார்.