தொட்டித் தண்ணீர்

மழை பொய்த்த மூன்றாம் வருஷம் உலகம்மையின் மடத்துக்கு அரசாங்கத்து நெல் வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. கை கால் திடமாக இருப்பவர்கள் வேலை செய்தால்தான் சோறு. குளத்தில் தூர் எடுக்க வேண்டும், தினமும் ஆளுக்கு இருபது கூடை மண். கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் விலக்கு.

உத்தரவை வாசித்த உலகம்மை ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய சீடர் மாசிலாமணிக்குத்தான் அது ரொம்பப் பிடித்துப் போனது. மாசிலாமணி குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முப்பது வருஷம் அரசாங்கப் பண்டகசாலையில் வேலை பார்த்துவிட்டு, மனைவி போன பிறகு மடத்துக்கு வந்தவர். வேட்டி காவியாக மாறியதே தவிர, உத்தியோகம் அவரை விட்டுப் போகவில்லை. குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவை அம்மா என்பார்.

"உழைக்காம சாப்பிட வாரவனை எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார் மாசிலாமணி.

உலகம்மை வெளியூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வந்த நெல் ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. நாலு ஊரில் கேட்டு வாங்கி வர வேண்டும்.

"நீங்க கண்டுபிடிச்சு வைங்க, அண்ணாச்சி. வந்து கேட்டுக்கிடுதேன்."

மாசிலாமணி அன்று முழுக்க யோசித்தார். ஓலைச் சீட்டு கொடுத்தால் கைமாறும். பெயரைக் கேட்டால் ஒருவன் பெயரை இன்னொருவன் சொல்வான். கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. இருபதாவது கூடையைக் கொட்டியதும், கரையில் நிற்கும் மேஸ்திரி வலது உள்ளங்கையில் காவியால் ஒரு கோடு இழுப்பார். மடத்து வாசலில் கையை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே வரவேண்டும். மறுசோறு கேட்டால் பந்தியிலும் ஒரு தடவை காட்ட வேண்டும். உள்ளங்கையை யாரும் யாருக்கும் இரவல் கொடுக்க முடியாது. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கே ஒரு சந்தோஷம். கோடும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

ஒன்பதாம் நாள் சொரிமுத்து வந்தான்.

பக்கத்து ஊர்க்காரன். திருவிழாவுக்குத் திருவிழா மடத்தில் சாப்பிட்டுப் பழகியவன். மனைவி நடக்க முடியாமல் படுத்துவிட்டாள். அவளைத் தனியே விட்டு வர மனமில்லாமல் எட்டு நாள் தள்ளிப் போட்டு, அன்றுதான் முதல் தடவையாகக் குளத்தில் இறங்கியிருந்தான். தன் சோற்றில் பாதியை அவளுக்குக் கொண்டு போக ஒரு கலயம் வைத்திருந்தான்.

வாசலில் கையை விரித்தான். கை ஈரமாக, சுத்தமாக இருந்தது.

"கோடு எங்க?"

சொரிமுத்து தன் கையைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு வாசலோரத்துக் கல்தொட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"கழுவிட்டேன், சாமி. சாப்பிடப் போறோம்னு கழுவிட்டேன்."

அந்தத் தொட்டி உலகம்மை வைத்தது. அதில் கை கால் கழுவாமல் யாரும் பந்தியில் உட்காரக் கூடாது. மடத்தில் அதுவரை இருந்த ஒரே விதி அதுதான். மாசிலாமணிக்கும் அது தெரியும். ஆனாலும் அவன் முழங்கால் சேற்றைக் காட்டியபோது, குளத்தில் சும்மா இறங்கி ஏறினாலும் சேறு ஒட்டும் என்றார். மேஸ்திரியைக் கேளுங்கள் என்றபோது, மேஸ்திரி வீட்டுக்குப் போயாயிற்று என்றார். இவனுக்கு விட்டால் நாளைக்கு ஊரே கை கழுவிக்கொண்டு வந்து நிற்கும் என்று அவர் மனசு சொன்னது. பண்டகசாலையில் முப்பது வருஷம் ஒரு கெட்ட பெயர் வராமல் அவரைக் காப்பாற்றிய மனசு அது.

"நாளைக்குக் கோட்டோட வா," என்றார்.

சொரிமுத்து சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறும் கலயத்தை இடுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மாசிலாமணி குளத்தங்கரைக்குப் போய், சும்மா கேட்பது போல மேஸ்திரியிடம் விசாரித்தார்.

"அந்த ஆளா? புதுசுல்லா, எண்ணத் தெரியாம இருபத்திரண்டு சுமந்த பொறவுதான் கோட்டுக்குக் கையை நீட்டினாரு," என்றார் மேஸ்திரி.

மாசிலாமணி அன்று சாப்பிட உட்காரவில்லை. பக்கத்து ஊருக்கு நடந்தார். சொரிமுத்துவின் குடிசைக் கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உப்பளத்துப் பக்கம் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். பெண்டாட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு கிழக்கே போய்விட்டான் என்றாள் அடுத்த வீட்டுக்காரி. உப்பளம் இரண்டு நாள் நடை. மாசிலாமணி அந்தப் பாதையில் கால் வலிக்க வலிக்கப் போய்ப் பார்த்தார். எதிரே வந்த வண்டிக்காரர்கள் யாரும் அவர்களைக் கண்டதாகச் சொல்லவில்லை.

திரும்பி வந்தவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கோட்டையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

இருபதாம் நாள் உலகம்மை நெல் வண்டியோடு வந்து சேர்ந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தது. கால் கழுவத் தொட்டிக்குப் போனவர் அங்கேயே நின்றார். அடியில் கிடந்த பாசி வரைக்கும் தண்ணீர் தெளிந்து கிடந்தது.

"தண்ணி மாத்தி எத்தனை நாளாச்சு, அண்ணாச்சி?"

"பத்துப் பன்னிரண்டு நாளிருக்கும்மா. கலங்கவே இல்ல, அதான்..."

சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். உலகம்மை பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணியும் பார்த்தார். நாற்பது பேர் சேற்று விரலின் நுனியால், உள்ளங்கைக் கோட்டில் சோறு படாமல் அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள். தினமும் பார்த்ததுதான். பசி வேகத்தில் கழுவ மறந்து வருகிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"போகும்போது ஒண்ணு கேட்டீங்களே," என்றார் உலகம்மை. "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஒருத்தரைப் பிடிச்சேம்மா," என்றார் மாசிலாமணி. "இருபத்திரண்டு கூடை சுமந்தவரு."

எல்லாவற்றையும் சொன்னார். கலயத்தையும் சொன்னார், கயிறு போட்ட கதவையும் சொன்னார்.

"அந்த உத்தரவை வாசிச்சப்ப நானும் வாயைத் திறக்கலையே, அண்ணாச்சி," என்று மட்டும் சொன்னார் உலகம்மை.

பிறகு ஒரு செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மாசிலாமணி தொட்டியில் முகந்து பந்திக்குப் போனார். முதலில் இருந்த பெண் அவரைக் கண்டதும் கையை மூடிப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"கழுவிட்டு வந்தா நாளைக்கும் சோறு உண்டா, சாமி?"

"உண்டும்மா."

அவள் சந்தேகத்தோடுதான் கையை நீட்டினாள். அடுத்தவனும் அதையே கேட்டான். அதற்கடுத்தவளும் கேட்டாள். நாற்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் பதில் சொல்லி, நாற்பது கைக்கும் தண்ணீர் ஊற்றி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. போகும்போது எல்லாரும் தொட்டியில் கால் கழுவிக்கொண்டு போனார்கள்.

மாசிலாமணி காலிச் செம்போடு தொட்டிக்கருகே வந்து நின்றார். கிழக்கே போகும் பாதை அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

"சொரிமுத்து திரும்பி வருவாராம்மா?"

உலகம்மையும் அந்தப் பாதையைப் பார்த்தார்.

"தெரியல, அண்ணாச்சி. தண்ணி கலங்கிக் கிடக்கு. மாத்தி வைங்க."