சேந்தன் எண்ணிய பதினொன்று

"சாமி, மலை நாலு நாளா உறுமுது. உறுமல் எங்கேருந்து வருதுன்னு என்னால சொல்ல முடியல" என்றான் சேந்தன்.

சேந்தனுக்கு அறுபது வயசு. அவன் சாமி என்று கும்பிட்ட குருவோ அவனைவிடப் பத்து வயசு இளையவர். அதனால் என்ன, ஞானத்துக்கு நரையா முக்கியம்?

அந்த எரிமலைக்குக் கிழக்கே ஓர் ஊர், மேற்கே ஓர் ஊர். உள்ளே நெருப்பு முட்டுகிற பக்கம்தான் மலை பிளக்கும். எந்த ஊர் கிளம்பவேண்டும் என்று சேந்தன்தான் சொல்லவேண்டும். ரெண்டு ஊர் சனமும் பிள்ளைகுட்டியோடு மூட்டை கட்டிக் காத்திருந்தது.

"குகையில காதை வச்சுப் படுத்தியா?"

"படுத்தேன் சாமி. முதல்ல ஒரு சின்ன உதறல். அப்புறம் பெரிய ஆட்டம். நடுவுல பதினொண்ணு எண்ணினேன்."

ரெண்டு ஆட்டத்துக்கும் நடுவே இடைவெளி கூடினால், நெருப்பு முட்டுகிற இடத்தின் தூரமும் கூடும். அதெல்லாம் சேந்தனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

குரு வாசல் மணலில் ஒரு முளை அடித்தார். "இது உன் குகை." கிழக்கூருக்கு ஒரு கல், மேற்கூருக்கு ஒரு கல் வைத்தார். எண்ணுக்கு ஒரு சாணாகப் பதினொரு சாண் கயிற்றை முளையில் கட்டி, மறுநுனியை அவன் கையில் கொடுத்தார்.

"நட."

நடந்தான். வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றான். கோடு கிழக்கூர்ப் பக்கமும் போயிருந்தது, மேற்கூர்ப் பக்கமும் போயிருந்தது.

"எங்கே?"

"இந்தக் கோட்டுல எங்கேயோ."

"இன்னொரு சுத்து வா."

"எத்தனை சுத்து வந்தாலும் அதேதான் சாமி!" கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு குரல் தணிந்தது. "அந்தக் காலத்துல மூணு கயிறு இருந்துச்சு."

"ம்."

"மூணு குகை. நான், கொற்றன், மருதி. பொழுது சாய்ஞ்சா இங்க கூடி மூணு வட்டம் போடுவோம். மருதி கொண்டாந்த கேப்பைக் கூழைக் குடிக்க மறந்து சிரிச்சுக்கிட்டே இருப்போம். ஐயோ, என்ன நாளு சாமி அதெல்லாம்!"

"மூணு வட்டமும் ஒரே இடத்துல கூடுமா?"

"எங்க கூடும்? எப்பவும் ஒரு கை அகலம் தள்ளித்தான் நிக்கும்."

"யார் தப்பு?"

சேந்தன் தலை குனிந்தான். "அவங்க எண்ணினதுதான் தப்புன்னு சண்டை போட்டேன். இனிமே என் படி ஏறாதீங்கன்னுட்டேன். இருபது வருஷமாச்சு."

"இப்போ?"

"தனியா எண்ணுறேன். தப்பே வர்றதில்ல."

குரு கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவையும் சாத்திவிட்டார்.

வட்டத்துக்கு நடுவில் நின்ற சேந்தனுக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மலையைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகக் கொற்றன் வீட்டுக்குப் போனான்.

கொற்றன் வாசலில் குனிந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"கொற்றா, நான்..." என்று தொடங்கினான் சேந்தன்.

"நீ ஏசினாலும் பரவாயில்லைன்னு உன்கிட்ட வரத்தான் கிளம்பினேன்" என்றான் கொற்றன். "எனக்கு ஒன்பது. மருதி ஆறுன்னு சொல்லி அனுப்பியிருக்கா. ரெண்டு வட்டமும் ரெண்டு இடத்துல வெட்டுது, கிழக்கேயா மேற்கேயான்னு முழிக்கிறோம். சொல்லுடா, உனக்கு எத்தனை?"