குழாய்க்குப் பின்னால் ஒளிந்த சோப்பு

ஒரு மழைக்காலம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சளி, இளைப்பு. ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலும் காலியில்லை.

அங்கே ஒரு நெபுலைசர் இருந்தது. மருந்தைப் புகையாக்கிக் குழந்தையின் மூக்கில் விடும். தாய்மார்கள் அதைப் புகை மெஷின் என்பார்கள். கை கழுவும் தொட்டியில் ஒரு சோப்பும் இருந்தது. அதற்கு யாரும் ஒரு பேரும் வைக்கவில்லை.

சோப்புக்கு வயிறு எரிந்தது.

"காலையிலேருந்து எட்டுக் கட்டில் போய் வந்துட்டேன். உடம்பே சுடுதுப்பா," என்றது மெஷின்.

"சுடட்டும்."

"ஒன்பதாம் கட்டில் மகேசுவரி என்னைத் தொட்டுக் கும்பிட்டா. அவ பிள்ளை ஆதவி வர்ற திங்கக்கிழமை வீட்டுக்குப் போகுது."

"நானும்தான் தேயறேன். என்னை யாராச்சும் கும்பிட்டாங்களா?"

"உன்னையா? நுரை விடறதெல்லாம் ஒரு வேலையா?"

அவ்வளவுதான். சோப்பு வழுக்கிக்கொண்டு போய்க் குழாய்க்குப் பின்னால் இடுக்கில் உட்கார்ந்தது. நான் இல்லாமல் படட்டும் என்று. புதுச் சோப்பு முதல் தேதிதான் வரும். அன்று தேதி பதினெட்டு.

நாலாம் கட்டில் தவமணி ஓரிடத்தில் இருக்கமாட்டாள். தன் பிள்ளை தூங்கினால் போதும், எழுந்துவிடுவாள். எந்தத் தாய் பால் வாங்கப் போனாலும் அழுகிற பிள்ளையைத் தூக்கி மூக்கைத் துடைத்துவிடுவது இவள்தான். ஒவ்வொரு தடவையும் கை கழுவிவிட்டுத்தான் தூக்குவாள். இப்போது சோப்பைத் தேடினாள். இல்லை. தண்ணீரில் அலசிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆதவிக்கு மறுபடி காய்ச்சல். நெஞ்சு குழி விழுந்து மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் வைத்தார்கள். அப்புறம் இரண்டாம் கட்டில். அப்புறம் பதினொன்று.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை முறைத்தார்.

"நாலாம் கட்டில் பிள்ளைக்கு இருக்கிற அதே கிருமி. ஆனா பக்கத்துல மூணாம் கட்டிலும் அஞ்சாம் கட்டிலும் நல்லா இருக்கு. தாண்டித் தாண்டிப் போயிருக்கே. இந்தப் பிள்ளைகளை யார் தூக்கினது?"

"நான்தாம்மா," என்றாள் தவமணி. "அழுதுச்சுங்க."

"கை கழுவினியா?"

"தண்ணியிலதான். சோப்பைக் காணோம்."

மகேசுவரி திட்டவில்லை. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுக்கிலிருந்து சோப்பும் அதையே பார்த்தது.

பிறகு உருண்டு வந்து தவமணியின் காலடியில் விழுந்தது.

அதன்பின் எந்தக் கட்டிலுக்கும் காய்ச்சல் தாண்டவில்லை. ஆறாம் நாள் ஆதவி வீட்டுக்குப் போனாள். போகும்போது மகேசுவரி மெஷினைத் தொட்டுக் கும்பிட்டாள். சோப்பு அடுத்த கைக்கு நுரை விட்டுக்கொண்டிருந்தது.

மெஷினுக்கு வேலை குறைந்தது. மூலையில் நின்று தொட்டியைப் பார்த்தது. அங்கே தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள்.

"உன்னைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குப்பா," என்றது ஒருநாள்.

கேட்க அந்தச் சோப்பு இல்லை. முந்தின நாளே கரைந்து தீர்ந்துவிட்டது. முதல் தேதி வந்த புதுச் சோப்புதான் டப்பாவில் உட்கார்ந்திருந்தது.

"அது கிடக்கட்டும்," என்றது அது. "உன்னை மட்டும் ஏன் எல்லாரும் கும்பிடறாங்க?"